பிறவிக் குணமா, பிணியா?

தம்ம பாடம்: ஆளுமைக் கோளாற்றை அறிதலும் அதனோடு வாழ்தலும்



உடலுக்கு நோய் உண்டென்பதை எவரும் ஒப்புவர். மனத்துக்கும் நோய் உண்டென்பதை இக்காலத்தில் பலர் ஒப்புகின்றனர். ஆயின் ஒருவருடைய குணம் என்று நாம் சொல்வதே நோயுற்றிருத்தல் கூடும் என்றால், நம்மவர் எளிதில் ஏற்பதில்லை. "அது அவள் பிறவிக் குணம், மட்டை வைத்துக் கட்டினாலும் நிமிராது" என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். இச்சொல் சரிதானா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பிறப்பினால் ஒருவன் இழிந்தவன் ஆகான், செய்கையினாலேயே ஆகிறான் என்பது வசல சூத்திரத்தில் பகவர் அருளிய போதனையின் சாரம். இப்போதனையைப் பற்றியே 1898-ஆம் ஆண்டில் பண்டித அயோத்திதாசரும் அவரோடு சேர்ந்தோரும் தம்மத்தை நாடினர். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கரோடு இலட்சக்கணக்கான மக்கள் திரிசரணம் ஏற்றதும் இதன் பொருட்டே. பிறப்பே மனிதனைத் தீர்மானிக்கிறது என்னும் கொள்கையால் நாம் பட்ட துன்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய நாம், நம் வீட்டிலேயே துன்புறும் ஒரு மகளையோ மகனையோ "பிறவியே அப்படி" என்று ஒதுக்குவோமாயின், தலைவாசலில் துரத்திய கொள்கையைக் கொல்லைப்புற வழியாக அழைத்து உட்கார வைத்தவர்கள் ஆவோம்.

1. ஆளுமைக் கோளாறு என்பது யாது?

ஒவ்வொருவருக்கும் தம்மைப் பற்றி எண்ணுவதிலும், இன்ப துன்பங்களை உணர்வதிலும், பிறரோடு பழகுவதிலும் ஒரு போக்கு உண்டு. அப்போக்கையே ஆளுமை என்கிறோம். ஒருவர் கூச்சமுடையவர், ஒருவர் துடுக்கானவர், ஒருவர் கணக்குப் பார்ப்பவர். இவை கோளாறுகள் அல்ல. அப்போக்கு இறுகி, வீட்டிலும் தொழிலிலும் நட்பிலும் ஒன்றுபோலவே வெளிப்பட்டு, பல்லாண்டு நீடித்து, தமக்கும் பிறருக்கும் கடுந்துன்பம் விளைக்குமாயின், அதனை வைத்தியர் ஆளுமைக் கோளாறு என்பர். ஒரு நாள் கோபமும், இழவு வீட்டின் ஒரு மாதத் துயரமும், விடலைப் பருவத்தின் கொந்தளிப்பும் இதில் அடங்கா.

அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனைப் பத்து வகையாகப் பிரிக்கிறது. எவரையும் நம்பாத சந்தேகப் போக்கு, தன்னையே பெரிதாக எண்ணும் போக்கு, பிறர் உரிமையை மதியாத போக்கு, தனித்து நிற்க அஞ்சிப் பிறரையே சார்ந்திருக்கும் போக்கு முதலியன அவற்றுட் சில. ஆயின் ஒரே ஆளிடம் பல வகைகள் கலந்தே காணப்படுகின்றன. ஆகவே, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பின் 11-ஆம் திருத்தம், பழைய வகைகளைத் தவிர்த்து, கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றே முதலில் அளக்கிறது. ஈராண்டேனும் நீடித்திருத்தல் வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது.

இவற்றுள் ஒன்றை மாத்திரம் இப்பாடத்தில் விரிவாகக் கொள்வோம். அதுவே பார்டர்லைன் எனப்படும் எல்லைநிலைக் கோளாறு. அடால்ப் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1938-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். லேசான மனநோய்க்கும் கடும் பித்துக்கும் இடையிலுள்ள எல்லையில் இவர்கள் நிற்பதாக அக்காலத்தார் கருதினர். அக்கருத்து மறைந்துவிட்டது; பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

இக்கோளாறுடையோர் எப்படியிருப்பர்? தம்மை எல்லாரும் கைவிட்டு விடுவர் என்ற அச்சம் இவர்களை விடாது. இன்று ஒருவரைத் தெய்வமாகப் போற்றுவர். நாளை அவரையே துரோகி என்பர். தாம் யார், தமக்கு வேண்டுவது யாது என்பதிலும் நிலைகொள்ளார். சினமும் துயரமும் நொடியில் பொங்கும், தணிய நேரமாகும். பொங்கிய வேகத்தில் பணத்தை இறைத்தல், குடித்தல், தம்மையே துன்புறுத்திக்கொள்ளுதல், சாவைப் பற்றிப் பேசுதல் முதலியன நிகழும். பொங்காத வேளையில் உள்ளே ஏதுமில்லாத வெறுமை வாட்டும். கடும் நெருக்கடியில் வீண் சந்தேகமும், தன்னை மறந்த நிலையும் உண்டாகும். இவை அனைத்தும் ஒருவரிடமே இருக்க வேண்டுவதில்லை. ஒன்பது குறிகளில் ஐந்தேனும் நிலைத்துக் காணப்பட்டால், ஆராய்ந்து இப்பெயர் இடுகின்றனர். அவ்வாறு பெயரிடுதல் பயிற்சி பெற்ற வைத்தியரின் வேலை. அண்டை வீட்டாருக்கும் சம்பந்திக்கும் நாம் இப்பெயரைச் சூட்டிக்கொண்டு திரிவது வாக்குச் சீலத்துக்கு மாறானது.

2. நீதிக்கான சினம் நோயன்று

இங்கே நம்மவர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. கைகட்டி நிற்க மறுத்தவனும், ஊர்க் கோயில் வரி கொடேன் என்றவனும், சடங்கின்றி மணம் புரிந்தவளும் "புத்தி கெட்டவர்" என்று பெயர் வாங்கியது நம் தெருக்களுக்குப் புதிதன்று. அவமதிக்கப்பட்டவன் அவமதிப்பைக் கண்டு சினத்தல் ஆளுமைக் கோளாறு ஆகுமா? ஆகாது.

இதனை உலக மருத்துவமும் நம் நாட்டுச் சட்டமும் ஒப்புகின்றன. சமூக, பண்பாட்டுக் காரணங்களாலும் சமூக அரசியல் மோதலாலும் முதன்மையாக விளையும் நடத்தையை ஆளுமைக் கோளாறு எனலாகாது என்று மேற்சொன்ன 11-ஆம் திருத்தம் விலக்குகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் தன் 3-ஆம் பிரிவில், ஒருவருடைய சமூக நிலையையோ அவர் சார்ந்த சமயத்தையோ கொண்டு மனநோய் என முடிவு செய்தல் கூடாது என்கிறது. தம் சமூகத்தில் நிலவும் ஒழுக்க வழக்கங்களோடும் சமய நம்பிக்கைகளோடும் ஒத்துப்போகாமையும் அதற்கு ஆதாரம் ஆகாது என்று அப்பிரிவு மேலும் கூறுகிறது. தம்மம் தழுவியோர் இப்பிரிவை நினைவில் வைத்தல் நன்று.

அதேவேளை, இதனைக் கேடயமாகக் கொண்டு தம் வீட்டுக் கொடுமையை மறைத்தலும் ஆகாது. மேலாளர் முன் பொறுமையாய் நின்று, இரவில் மனைவியை அடித்து, "உலகம் எனக்குச் செய்த அநீதி" என்று காரணம் சொல்லுபவனுக்கு அக்கேடயம் பொருந்தாது.

3. காரணம் யாது?

"முற்பிறப்பின் வினை" என்று சிலர் பதிலுரைப்பர். மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் ஒருகால் பகவரிடம் இதனையே கேட்டான். மனிதன் நுகரும் எல்லா இன்ப துன்பமும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்கின்றனரே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றான். அதற்குப் பகவர், பித்தத்தாலும் சிலேத்துமத்தாலும் வாதத்தாலும், அவை கூடுவதாலும், பருவ மாற்றத்தாலும், பொருந்தாப் பழக்கத்தாலும், பிறர் தாக்குவதாலும் நோவு உண்டாதல் கண்கூடு என்று காட்டினார். வினையை அவற்றோடு ஒன்றாக மாத்திரம் எண்ணினார். எல்லாவற்றையும் முன்வினையின் தலையில் ஏற்றுவோர் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் தீர்ப்பு.

இக்கால ஆராய்ச்சியும் பல காரணங்கள் கூடுவதையே காட்டுகிறது. அமெரிக்க நாட்டு மனநூல் அறிஞர் மார்ஷா லினெகான் இதனைத் தெளிவாக விளக்கினார். சில குழந்தைகள் பிறக்கும்போதே உணர்ச்சி மிக நுண்ணியவையாக உள்ளன. சிறு காயமும் அவற்றைப் பெரிதும் தாக்கும். அத்தகைய குழந்தை, தன் உணர்ச்சியை மதியாத சூழலில் வளர நேரிடுகிறது. "இதற்கா அழுகிறாய்? நடிக்காதே" என்றே கேட்டு வளரும் குழந்தை, தன் துன்பம் மெய்யா பொய்யா என்றே அறியாது திகைக்கிறது. உரக்கக் கதறினால்தான் எவரேனும் திரும்பிப் பார்ப்பர் என்றும் கற்றுக்கொள்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக் கோளாறாக முதிர்கின்றன. அடியும், பாலியல் கொடுமையும், தாய் தந்தையர் பிரிவும் பலருடைய இளமையில் காணப்படுகின்றன; எல்லாரிடமும் அல்ல. ஆகவே பெற்றோரை மாத்திரம் குற்றவாளிகளாக நிறுத்துவதும் பிழையாகும்.

தோல் வெந்தவன் மீது காற்றுப் பட்டாலும் துடிப்பான். மற்றவர்க்குக் காற்று, அவனுக்கு நெருப்பு. உள்ளத்தில் தோலின்றி வாழ்பவர்கள் இவர்கள் என்று கொண்டால் இவர்களைப் புரிந்துகொள்ளல் எளிதாகும்.

4. சக்கரம் சுழலும் விதம்

பன்னிரு நிதானங்களுள் நான்கை மணிமேகலை ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று தமிழில் பெயரிடுகிறது. இந்நான்கைக் கொண்டு ஓர் இல்லத்தில் நிகழ்வதைப் பார்ப்போம்.

தங்கை ஒருத்தி, இருபத்திரண்டு வயது. மாலை ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லி வேலைக்குப் போன அண்ணன் எட்டு மணி வரை வரவில்லை. கைப்பேசியையும் எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும், மணி அடித்து ஓய்வதும் ஊறு. நெஞ்சில் எரிவதும் வயிற்றில் கலங்குவதும் நுகர்வு. இந்நொடியே இவ்வெரிச்சல் ஒழிய வேண்டும், அல்லது அவனும் இதனைப் பட வேண்டும் என்று எழுவது வேட்கை. "என்னை எவரும் வேண்டுவதில்லை, அண்ணனும் பொய்யனே" என்று உறுதி கொள்வது பற்று. அண்ணன் வாசலில் கால் வைக்கும்போது சோற்றுத் தட்டு பறக்கிறது. "நான் செத்துத் தொலைகிறேன்" என்று அவள் அலறுகிறாள். களைத்து வந்த அண்ணனோ, "நீ பிறந்ததே இப்படித்தான், உன்னோடு எவன் இருப்பான்?" என்று கத்துகிறான். அவள் அஞ்சியது மெய்யாயிற்று. மறுநாள் அவளுக்கு வெட்கம். வெட்கத்தினால் மேலும் அச்சம். சக்கரம் மீண்டும் சுழல்கிறது.

இச்சக்கரத்தை எங்கே நிறுத்தலாம்? ஊற்றை நிறுத்த இயலாது. பேருந்து தாமதமாகவே செய்யும். நுகர்வையும் ஆணையிட்டு நிறுத்த இயலாது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை அகலமாக்குவதே சதிப்பயிற்சி. அம்பு தைத்தவன் இரண்டாம் அம்பாலும் தைக்கப்படுவது போல, உடல் நோவின்மேல் மனநோவைச் சேர்த்துக்கொள்கிறான் என்று பகவர் சல்ல சூத்திரத்தில் காட்டிய உவமையும் இதனையே குறிக்கும்.

5. இது மாறுமா?

மாறும். அனாத்மக் கொள்கையைக் கற்ற நாம் இதனை எளிதில் உணரலாம். காரணங்களால் கூடிய எதுவும் காரணங்கள் மாற மாறும். "குணம்" என்பதும் ஐந்து கந்தங்களின் ஓட்டத்தில் படிந்த வழக்கமே அன்றி, உள்ளே உறைந்த மாறாப் பொருள் அன்று. தம்மம் சொல்லும் இதற்கு ஆராய்ச்சியின் சான்றும் உண்டு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து மக்லீன் ஆஸ்பத்திரியில், எல்லைநிலைக் கோளாறால் படுத்த 290 பேரை 1992-ஆம் ஆண்டு முதல் சேர்த்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆராய்ந்து வந்தனர். பத்தாண்டு முடிவுகள் 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் ஈராண்டேனும் நோய்க்குறிகள் அடங்கி வாழ்ந்தனர். தொழிலும் உறவும் சேர்ந்து முழுமையாகத் தேறியவர் நூற்றுக்கு 50 பேர். புயல் முதலில் ஓய்கிறது. இடிந்த வீட்டைக் கட்ட மேலும் காலம் பிடிக்கிறது என்பது இதனால் விளங்கும்.

முற்சொன்ன லினெகான் அம்மையாரின் வரலாறும் இங்கு அறியத்தக்கது. 1943-ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1961-ஆம் ஆண்டில் 17 வயதுப் பெண்ணாக மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, ஈராண்டுக்கு மேல் அங்கே இருந்தார். தம்மையே காயப்படுத்திக்கொள்ளும் துன்பம் அவரை விடாது பற்றியிருந்தது. பின்னர்ப் படித்து, சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தம்மைப் போன்றோருக்கென ஒரு சிகிச்சையை வகுத்து, அதன் முதற் சோதனை முடிவை 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் இளமை வரலாற்றை 2011-ஆம் ஆண்டில்தான் உலகறியச் சொன்னார்.

அச்சிகிச்சையை டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்பர். உள்ளதை உள்ளபடி ஏற்றல், மாற்ற வேண்டியதை மாற்றல் என்னும் இரண்டையும் ஒரு நுகத்தில் பூட்டுவது அதன் நெறி. ஏற்பதைக் கற்க லினெகான் ஜென் ஆசிரியரிடம் சென்று பயின்றார். அவர் கற்பிக்கும் திறன்கள் நான்கு: சதி எனப்படும் விழிப்புணர்வு, நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்துதல், உறவில் நயமாகக் கேட்டலும் மறுத்தலும். பகவர் கண்ட சதி, ஜப்பானிய மடங்களின் வழியே அமெரிக்க ஆஸ்பத்திரியை அடைந்து, அங்கிருந்து மருத்துவமாக நம் நாட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இச்சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதனால் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. கனடாவில் 180 பேரிடம் ஓராண்டு நடத்தி 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், முறையாகப் பயின்ற மனநோய் வைத்தியர் ஒழுங்காகத் தொடர்ந்து அளித்த பொதுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பயனைத் தந்தது. இக்கோளாற்றையே நீக்கும் மாத்திரை இல்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் வைத்தியர் மருந்து தரலாம். மாதம் ஒரு வைத்தியர் என்று மாறித் திரியாமல் ஒருவரிடமே தொடர்ந்து செல்வது நலம்.

6. சங்கம் காட்டிய வழி

பிக்கு சங்கத்தில் கக்கர் என்றொருவர் இருந்தார். அவர் சித்தம் பிறழ்ந்தவர். உபோசத நாளை ஒருகால் நினைப்பார், ஒருகால் மறப்பார். ஒருகால் வருவார், ஒருகால் வாரார். அவர் வாராமையால் உபோசதம் தடைப்பட்டபோது, பகவர் அவரைச் சங்கத்தினின்று நீக்கச் சொல்லவில்லை. அவர் வந்தாலும் வாராவிட்டாலும் உபோசதம் நடைபெறலாம் என்று சங்கம் கூடி முறையாக ஒப்பம் அளிக்கச் செய்தார். கக்கருக்காகச் சங்கம் தன் கடமையை நிறுத்தவில்லை. தன் கடமைக்காகக் கக்கரைத் துரத்தவுமில்லை.

பிற்பாடு கக்கர் தெளிவடைந்தார். பித்துற்றிருந்தபோது செய்தவற்றைச் சுட்டிப் பிக்குகள் சிலர் அவரைக் குடைந்தனர். அவ்வேளையில் அறியாது செய்தேன், நினைவில்லை என்று அவர் சொல்லியும் விடவில்லை. பகவர் அவர்களைக் கண்டித்து, தெளிந்தவர் சங்கத்தின் முன் மும்முறை கேட்டுக்கொண்டால் பழையதைக் கிளறாதபடி தீர்ப்பளிக்கும் அமூள்ஹ விநயத்தை ஏற்படுத்தினார். நினைவிருந்தும் இல்லையென்பவனுக்கும், பித்தன் போல் நடிப்பவனுக்கும் அது செல்லாது என்றும் வகுத்தார். கருணையும் பொறுப்பும் ஒரே விதியில் அமைந்திருத்தலைக் காண்க.

ஆளுமைக் கோளாறு கக்கருடைய பித்துப் போன்றது அன்று. இவர்கள் பெரும்பாலும் தாம் செய்வதை அறிவர். ஆகவே பொறுப்பும் இவர்களுக்கு உண்டு. ஆயினும் ஒதுக்காமையும், இல்லத்தின் ஒழுங்கைக் குலையவிடாமையும், தேறியவரிடம் பழையதைக் கிளறாமையும் இங்கும் பொருந்தும்.

காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலில் குறித்த ஆசாரியர் புத்தகோசர், ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமார்க்கம் இயற்றினார். அதில் மனிதர் இயல்பை ஆசை, வெறுப்பு, மயக்கம், நம்பிக்கை, அறிவு, எண்ண ஓட்டம் என்று அறுவகைச் சரிதங்களாகப் பிரிக்கிறார். வெறுப்பு மிக்க சரிதமுடையவனுக்கு அவர் விதிப்பது யாது? தண்டனை அன்று. நிழலும் நீரும் உள்ள இனிய உறைவிடம், சுவையான உணவு, இன்முகத்தோடு பரிமாறுவோர் ஆகியவற்றையும், மைத்திரி முதலிய நான்கு பிரம விகாரங்களையும் விதிக்கிறார். எரியும் மனத்துக்கு எண்ணெய் வார்க்கலாகாது என்னும் இந்நுட்பம் நம் இல்லங்களில் இன்னும் கற்கப்படவில்லை.

7. உடன் வாழ்வோர் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, அறிவுரைக்கு முன் உணர்ச்சியை ஒப்புக்கொள்ளுதல். மேற்சொன்ன அண்ணன் வாசலில் நின்று, "சொன்ன நேரத்துக்கு நான் வரவில்லை, நீ பயந்துவிட்டாயாம்மா?" என்று கேட்டிருப்பானாயின், பற்று இறுகுமுன் தளர்ந்திருக்கும். உணர்ச்சியை ஒப்புதல் வேறு. குற்றச்சாட்டை ஒப்புதல் வேறு. அவள் அஞ்சியது மெய். அவன் பொய்யன் என்பது மெய்யன்று.

இரண்டாவது, எல்லை வகுத்தல். எல்லைகளை அமைதியான வேளையில் சொல்ல வேண்டும். சிலவாக இருக்க வேண்டும். சொன்னபடி நடக்க வேண்டும். "தட்டை எறிந்தால் நான் திண்ணைக்குப் போய்விடுவேன், கால் மணியில் திரும்பி வருவேன்" என்று அண்ணன் சொல்லலாம். போவேன் என்பது எல்லை. திரும்பி வருவேன் என்பது கருணை. இரண்டாவதைச் சொல்லாமல் போனால் கைவிடும் அச்சமே வளரும். நாட்கணக்கில் பேசாதிருந்து தண்டிப்பது இவர்களுக்குப் பெருங்காயம்.

மூன்றாவது, சாவைப் பற்றிய பேச்சை ஒருபோதும் மிரட்டல் என்று தள்ளாமை. "சாகப் போகிறாயா? போ" என்னும் சொல் எவர் வாயினின்றும் வரலாகாது. தனியே விடாது உடனிருந்து, அபாயமான பொருள்களை எட்டாமல் வைத்து, உடனே வைத்தியரை நாட வேண்டும். போலீசுக்கு அஞ்சி மறைத்தல் வேண்டா. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தவர் என்றே கொண்டு சிகிச்சை அளித்தல் அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

நான்காவது, அடி உதையைப் பொறுத்தல் கருணை ஆகாது. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தென்றால் மனைவியும் குழந்தைகளும் விலகிப் பாதுகாப்பான இடத்தை அடைதல் முறையே. அடிப்பவனைத் தடுப்பது அவனையும் தீவினையினின்று காப்பதாகும். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது.

ஐந்தாவது, பராமரிப்போர் தம்மையும் பேணுதல். கருணைக்கு அருகே நின்று அதுபோலவே தோன்றும் பகை, துயரத்தில் தானும் மூழ்குதல். உபேட்சைக்கு அருகே நிற்கும் பகை, அறியாமையால் வரும் அலட்சியம். தங்கையோடு சேர்ந்து அண்ணனும் மூழ்கினால் கரையேற்றுவார் எவர்? வாரத்தில் ஒரு நாளேனும் மற்றோர் உறவினர் பொறுப்பேற்று அவனுக்கு ஓய்வு தர வேண்டும். நம் சங்கத்து உபாசக உபாசிகைகள் இதனைத் தானமாகவே கொள்ளலாம்.

8. இக்கோளாறுடைய அன்பருக்கு

இப்பக்கத்தைப் படிப்போருள் இத்துன்பத்தைத் தாமே சுமப்போரும் இருப்பர். அவர்களுக்கு நாம் சொல்வன சில. உமது வேதனை மெய். அதனை நீர் விரும்பி வரவழைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் அதனை ஆற்றும் வேலையில் உமக்கே பெரும்பங்கு உண்டு.

புயல் எழும்போது முதலில் பெயரிடுக: "இது அச்சம், இது சினம்." "நான் சினம்" என்று எண்ணற்க, சினம் வந்திருக்கிறது என்று காண்க. பின், கால் மணி நேரம் எதுவும் செய்யேன் என்று மாத்திரம் உறுதி கொள்க. குளிர்ந்த நீரால் முகம் கழுவுக, மெல்ல மூச்சு விடுக, நடந்து வருக. கால் மணிக்குப் பின் மீண்டும் கால் மணி. கடிதமோ செய்தியோ எழுதியிருந்தால் விடியும் வரை அனுப்பற்க. மதுவைத் தவிர்க்கும் ஐந்தாம் சீலம் உமக்கு மருந்தாகவே உதவும். குடி அவ்விடைவெளியை அழித்துவிடும்.

தியானம் நல்லதென்று கேட்டு, பத்து நாள் மௌன முகாமுக்கு நெருக்கடியான வேளையில் ஓடுதல் வேண்டா. நீண்ட மௌனத்தில் பழைய காயங்கள் திறந்துகொள்ளலாம். சில நிமிடம் மூச்சைக் கவனித்தல், பாத்திரம் கழுவும்போது நீரின் குளிர்ச்சியைக் கவனித்தல் என்று சிறிதாகத் தொடங்குக. லினெகான் அம்மையாரும் நெடுந்தியானத்தைத் தம்மிடம் வந்தோர் தாங்காமை கண்டு, சிறு சிறு பயிற்சிகளாகவே பகுத்தளித்தார்.

புண்படுத்திவிட்டால், அமைதியானபின் சென்று மன்னிப்புக் கேளும். உம்மையே இகழ்ந்து கதறுதல் மன்னிப்பன்று. செய்ததைச் சொல்லி, உடைத்ததைச் சீராக்கி, அடுத்த முறை செய்யப் போவதைச் சொல்லுதலே மன்னிப்பு.

9. எங்கே செல்வது?

பேயோட்டும் இடங்களிலும் சங்கிலியிலும் காலத்தை இழத்தல் வேண்டா. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவை முதலில் நாடலாம். பெங்களூரில் 1954-ஆம் ஆண்டில் அகில இந்திய மனநல நிலையமாகத் தோன்றி, 1974-ஆம் ஆண்டில் நிம்ஹான்ஸ் என விரிந்த மத்திய அரசு நிலையம் தென்னாட்டாருக்கு அருகிலுள்ளது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

முடிவுரை

பிறவிக் குணம் என்று ஒன்றும் இல்லை என நாம் சொல்லவில்லை. இயல்பில் சில நாம் பிறக்கும்போதே வருகின்றன. ஆயின் வந்தது மாறாது என்பதையும், மாறாதவர் மதிப்பற்றவர் என்பதையும் தம்மம் மறுக்கிறது. சித்தார்த்தரின் தேரோட்டியாயிருந்து துறவு பூண்ட சன்னர், புத்தர் என்னுடையவர் என்று செருக்கி, எவர் சொல்லும் கேளாதவராய் வாழ்ந்தார். பகவர் பரிநிர்வாணம் அடைந்தபின் அவருக்கும் மனம் திரும்பியது. அருகத நிலையும் கைகூடியது. முரடர் என்று ஊரார் கைவிட்டவருக்கும் மார்க்கம் திறந்தே இருந்தது. நம் வீட்டுக் கதவும் அவ்வாறே திறந்திருப்பதாக.

பயிற்சி வினாக்கள்

1. சாதாரணக் கோபத்துக்கும் ஆளுமைக் கோளாற்றுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. அநீதியைக் கண்டு சினத்தலை நோய் எனலாகாது என்பதற்குச் சட்டத்தினின்று ஆதாரம் தருக.

3. ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று ஆகியவற்றை உமது நேற்றைய கோபம் ஒன்றில் பொருத்திக் காட்டுக.

4. கக்கர் வரலாற்றில் கருணையும் பொறுப்பும் எங்ஙனம் இணைந்துள்ளன?

5. உமது இல்லத்தில் எவரையேனும் "பிறவியே அப்படி" என்று சொல்லியதுண்டா? அச்சொல்லுக்குப் பதிலாக இனி என்ன சொல்வீர்?

அனைவரும் துக்கத்தினின்று நீங்குவாராக. சாது! சாது! சாது!